புலக் கம்பி

நவம்பர். பெல்ப்.
ஆரே ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி
ஹேங்கர் கதவடியில் நிற்கிறது,
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி.
லூகின்பூல், ஓய்வுபெற்ற பல்வைத்தியர்,
தன் விமானத்தின் பக்கத்தில்
நோயாளியின் உறவினர் முகத்தோடு.

"தூன் ஏரிக்கு மேலே சிவப்பு லைட்.
இறங்கியதும் அணைந்துவிட்டது.
இது நாலாவது தடவை."

வேறு பட்டறைகளில் பட்டரியை மாற்றியிருக்கிறார்கள்.
பிறகு ஆல்டர்னேட்டரை.
பிறகு ரெகுலேட்டரை.
இதுவரை ஒழுங்காகச் சார்ஜ் ஏறியது
ரசீதுகளில் மட்டும்.

வலிக்கிற பல்லும் கெட்ட பல்லும்
எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்கிறார்.
அப்படியென்றால் மூன்றைப் பிடுங்கும்வரை
ஏன் பேசாமல் இருந்தீர்கள்?
கேட்கவில்லை.
மல்டிமீட்டரைத் தேடினேன்.

பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினேன், இறுக்கம் சரி.
பட்டரி, ஓய்வில், பன்னிரண்டு புள்ளி ஆறு.
எஞ்சின் ஓட, பதினான்கு புள்ளி ஒன்று.
குற்றம் சொல்ல இடமில்லாத எண்.
லேண்டிங் லைட், பிட்டோ ஹீட்டர், ரேடியோ
எல்லாவற்றையும் போட்டுச் சுமை ஏற்றினேன்.
பதினான்கு.
வைத்தியர் வாசலுக்கு வந்ததும்
காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை.

அறுபது ஆம்பியர் தரக்கூடிய இயந்திரம்
முதலில் நம்மிடம் இரண்டைக் கடன் கேட்கும்.
அதற்கென்று ஒரு மெல்லிய கம்பி.
கிடைக்காவிட்டாலும் சுற்றும்,
முழு வேகத்தில், வெறுமனே,
வெளிப்பார்வைக்கு ஒரு குறையுமில்லாமல்.

எஞ்சினை நிறுத்தினேன். மக்னெட்டோ ஓஃப். சாவி என் பையில்.
மாஸ்டரின் இரண்டு பாதியும் மேலே.
மீட்டரின் சிவப்புக் கூர் முனையில்.
பியாட் ஒரு மரக்குச்சியால்
ஃபயர்வாலிலிருந்து கம்பியை அசைத்து வருகிறான்,
விரற்கடை விரற்கடையாக.
பன்னிரண்டு.
பன்னிரண்டு.
தேநீரில் ஆடை கட்டுகிறது.
பன்னிரண்டு. பன்னிரண்டு.
மூன்று.

"நில். குச்சியை எடுக்காதே."

டெர்மினலின் சிவப்புக் கழுத்தை வெட்டிப் பிரித்தேன்.
பத்தொன்பது இழைகளில் பதினெட்டு
பச்சை பூத்து முறிந்திருந்தன.
மீதி ஒன்று
தொட்டும் தொடாமலும்.

இதற்குப் பெயர் 'ஃபெல்ட்' என்றேன்.
"வயலா? உங்கள் மொழியிலும் அப்படித்தானா?"
புலம். வயல்தான்.
திசையும்கூட. பெயர்ந்துவந்தவர்கள்
தங்கள் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்வதும்.
கையெல்லாம் கிரீஸ்.
"ஆமாம்," என்றேன், "வயல்."

புது டெர்மினல் அழுத்தி,
இழுத்துப் பார்த்து,
மறுபடி இழுத்துப் பார்த்தபோதுதான் கண்டேன்:
கம்பி எதிலும் சாயாமல் தொங்குகிறது.
தாங்கவேண்டிய கவ்வி இல்லை.
போல்ட் துளை வெறுமையாக,
மூன்று பட்டறைகள் அதைக் கடந்து போயிருக்கின்றன.
ஒவ்வொரு பறப்பிலும் அது ஆடி ஆடி,
ஒவ்வோர் இழையாக.

பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
அந்தக் கவ்வியைக் கழற்றாமல் செய்யமுடியாத வேலை
ஒன்றே ஒன்று:
வாக்குவம் பம்ப் மாற்றம்,
இரண்டு வருடம் முந்திய மார்ச்.
கையெழுத்து, ம. சுகிர்தா.
'சு'வின் வாலை நான் அப்படித்தான் சுழிப்பேன்.

கவ்வியின் விலை இரண்டு பிராங்க் நாற்பது.
அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.
ஒன்றை எடுத்துப் பூட்டினேன்,
பியாட்டையும் சரிபார்க்கச் சொன்னேன்.
அவன் பார்த்தான்; பதிவேட்டையும் பார்த்தான்;
தேநீரை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டான்.

லூகின்பூல் என் கையைப் பிடித்துக் குலுக்கி,
கிரீஸ் பட்டதற்குச் சிரித்து,
"கடைசியில் ஒரு நல்ல வைத்தியர்" என்கிறார்.
கோட்டின் பொத்தான்களைப் போடத் தொடங்குகிறார்.
ஐந்து பொத்தான்கள்.
இரண்டு போட்டாயிற்று.